மடத்துவெளியில் ஒரு கணினிப் பிரிவு

சிவகுரு நாள்தோறும் காலையில் கிணற்றடியில் குளித்து, மினுக்கிய சட்டையும் காற்சட்டையும் அணிந்து, கழுத்துப்பட்டி கட்டி, முன்வாசலால் வெளியேறுவார். வேலியோரமாக வீட்டை ஒருமுறை சுற்றி வந்து, அடுப்புப் புகை வரும் குசினிக்குப் பக்கத்து அறைக்குள் பின்வாசலால் நுழைவார். இந்த அலுவலகப் பயணத்துக்கு அவர் வைத்த பெயர் ‘கந்தோருக்குப் போதல்.’

“என்ன தம்பி, இண்டைக்கு பஸ் பிந்திப்போச்சோ?” என்று அடுத்த வளவு அப்புத்துரை வேலிக்கு மேலால் கேட்பார்.

“ஓம் அண்ணை, கோழி குறுக்கை வந்திட்டுது.”

சிவகுரு கொழும்பில் ஒரு பெரிய கம்பனியின் கணினி நிரலாளர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் குடியிருந்த வீட்டை நெருப்புக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலில் ஊர் திரும்பியவர், இனிக் கொழும்பு மண்ணை மிதிப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். அவரை இழக்க விரும்பாத கம்பனி ஒரு வழி கண்டது. அவர் புங்குடுதீவின் மடத்துவெளியிலிருந்தே நிரல்களைத் தாளில் எழுதித் தபாலில் அனுப்புவார். கொழும்பில் ஒருவர் அவற்றைக் கணினியில் தட்டச்சுச் செய்வார். ஆகவே மடத்துவெளியில் ஒரு கணினிப் பிரிவு உருவாயிற்று. அதில் இல்லாத பொருள் கணினி ஒன்றுதான்.

“நான் அடுப்பில்லாத சமையற்காரன். உப்புக் காணுமோ எண்டு கடிதம் போட்டுக் கேக்கிறனான்” என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எழுதிய நிரலைச் சோதிக்க அவர் கண்டுபிடித்த முறை ஊரில் பெயர்பெற்றது. முற்றத்து வேம்பின் கீழ் இரண்டு கதிரைகள் போடப்படும். ஒன்றில் அப்புத்துரை புளியங்கொட்டைகளோடு இருப்பார். ஒவ்வொரு கொட்டையும் ஒரு மூடை சீமெந்து. மற்றதில் அப்புத்துரையின் மனைவி சறோஜினிதேவி மடியில் ஓலைக் கடகத்தோடு இருப்பார். அந்தக் கடகமே கணினியின் நினைவகம். சிவகுரு தாளைப் பார்த்துக் கட்டளைகளை வாசிக்க, அப்புத்துரை கம்பனியின் ஒரு கிளைக்குரிய கொட்டைகளைக் கடகத்தில் போடுவார். சறோஜினிதேவி எண்ணித் தொகை சொல்லுவார். பிறகு அடுத்த கிளை. கம்பனியின் சரக்கிருப்பு நிரல் இப்படித்தான் சோதிக்கப்பட்டது. தொகைகள் அனைத்தும் சரியாக வந்தன.

கொழும்பில் வரவில்லை. கணினி ஒவ்வொரு கிளையின் கணக்கிலும் அதற்கு முந்திய கிளைகளின் சீமெந்தையும் சேர்த்துக்கொண்டே போயிற்று. கடைசியாக நின்ற சின்னஞ்சிறு கிளையில் கம்பனியின் முழுச் சீமெந்தும் மலைபோற் குவிந்திருப்பதாக அச்சடித்துத் தந்தது. முகாமையாளர் காரணம் கேட்டு எழுதினார். சிவகுரு கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு பதில் எழுதினார்: “நிரல் இங்கே முறைப்படி சோதிக்கப்பட்டது. தட்டச்சுச் செய்தவர் ஏதோ ஒரு வரியை விட்டிருக்க வேண்டும்.”

கரையில் நின்றபடியே கடிதமூலம் மீன்பிடி கற்பித்த ஒரு நாரையைக் கற்பனை செய்துபாருங்கள். மாணாக்கர் பட்டினி கிடந்தபோது, மீன்களுக்கு ஒழுக்கமில்லை என்று அது எழுதிற்றாம். சிவகுருவின் கடிதம் அந்த இனத்தைச் சேர்ந்தது.

இரண்டு கிழமை கழித்து ஓர் இளம்பெண் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அனலைதீவிலிருந்து வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்கும், அங்கிருந்து பஸ்சில் இங்கேயும் வந்தவளின் சேலைக் கரையில் உப்புநீர் காய்ந்திருந்தது.

“நான் மனோகரி. உங்கடை தாளுகளைக் கொழும்பிலை அடிக்கிறனான். உங்கடை கடிதம் வந்த கையோடை, விசாரணை முடியுமட்டும் வீட்டிலை நில் எண்டு அனுப்பிப்போட்டினம். அண்ணை, நான் ஒரு வரியும் விடேல்லை. இந்த வேலை போனால், இப்ப கொழும்பிலை எங்கடை ஆக்களுக்கு ஆர் வேற வேலை தரப்போகினம்?”

சிவகுருவுக்கு மனம் இளகியது. ஆனால் நிரலின் மேலிருந்த நம்பிக்கை இளகவில்லை.

“பிள்ளை, நான் உம்மிலை கோபமாய் எழுதேல்லை. இது விஞ்ஞானம். இரும், செய்து காட்டிறன். எந்த வரி விடுபட்டதெண்டு நீரே கண்டுபிடிப்பீர்.”

சறோஜினிதேவி சங்கக்கடைக்குப் போயிருந்தார். சிவகுரு தாமே கடகத்தை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் அமர்ந்தார். தாளின் பிரதியை மனோகரியிடம் கொடுத்தார்.

“நீர் வாசியும். இப்ப நான்தான் மெஷின். சொன்னதை மட்டும் செய்வன்.”

“கடவுளே, மெஷின் ரை கட்டியிருக்கு” என்றார் அப்புத்துரை, கழுத்துப்பட்டியைப் பார்த்து.

முதற் கிளை முடிந்தது, தொகை சரி. மனோகரி அடுத்த கட்டளையை வாசிக்க, அப்புத்துரை இரண்டாம் கிளையின் கொட்டைகளைக் கையில் எடுத்தார். சிவகுரு கடகத்தைக் கவிழ்க்கப் போனார்.

“அண்ணை, நான் கொட்டச் சொல்லேல்லை.”

“அதிலை இருக்கும், பாரும்.”

“இல்லை.”

“மேலை பாரும்.”

“மேலையும் இல்லை, கீழையும் இல்லை அண்ணை. இது உங்கடை கையெழுத்து.”

சிவகுரு தாளை வாங்கினார். வாசித்தார். மீண்டும் வாசித்தார். ஒரு கிளை முடிந்ததும் தொகையைப் பூச்சியமாக்கச் சொல்லும் கட்டளையை அவர் எழுதவே இல்லை.

அந்த நேரம் பார்த்துச் சறோஜினிதேவி சீனிப் பையோடு வந்து சேர்ந்தார்.

“அக்கா, அண்டைக்குக் கிளைக்குக் கிளை நீங்கள் கடகத்தைக் கொட்டினனீங்களோ?” என்று கேட்டார் சிவகுரு.

“கொட்டாமல்? ஒருக்கால் அளந்த கடகத்தை ஒதறாமல் ஆர் தம்பி திரும்ப அளக்கிறது? இதையும் எழுதி வைச்சோ சொல்லவேணும்?”

“ஓமக்கா, எழுதித்தான் இருக்கவேணும். கொழும்பு மெஷின் உங்கடை வீட்டிலை வளரேல்லை.”

அப்புத்துரை சிரிக்கத் தொடங்கி, மனோகரியின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாலு வரியிலை ஒரு கடிதம் எழுதினீங்கள். என்ரை அம்மா ஊரிலை தலை காட்டுறேல்லை” என்றாள்.

சிவகுரு அறைக்குள் போய், தந்திக்கு வாசகம் எழுதி வந்து காட்டினார். சோதனைச் சூழலின் சிறப்பியல்புகள் காரணமாக ஒரு கட்டளை தவிர்க்கப்பட்டிருந்தமை தெரியவந்துள்ளது என்று அது தொடங்கிற்று.

“ஆர் தவிர்த்தது?” என்று கேட்டாள் மனோகரி.

அவர் அதைக் கிழித்தார். மறுபடி எழுதினார்: ‘பிழை என்னுடையது. மனோகரி எதையும் விடவில்லை. சிவகுரு.’

அதையும் அவர் உடனே அனுப்பவில்லை.

“நான் உம்மைப் பற்றி எழுதினதை முகாமையாளர் அந்த அறையிலை எல்லாருக்கும் முன்னாலைதானே வாசிச்சிருப்பார்?”

“ஓம்.”

“அப்ப தந்தி மட்டும் காணாது.”

தந்தியின் முடிவில் ‘நேரில் வருகிறேன்’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினார். மறுநாள் காலை யாழ்ப்பாண நிலையத்தில் இருவரும் ரயில் ஏறினார்கள். தமிழூர்கள் முடிந்து மதவாச்சி தாண்டியதிலிருந்து அவர் யன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. கைகளைத் தொடைகளுக்கு இடையில் இறுக்கி வைத்திருந்தார்.

கம்பனியின் கணினி அறையில் எல்லோரும் வேலையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்கள். சிவகுரு நடுவில் நின்றார். தம் முதற் கடிதத்தை முகாமையாளரிடம் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

“இது பொய்” என்றார். “வரியை எழுதாமல் விட்டவன் நான். இந்தப் பிள்ளையிடம் உங்கள் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.”

பிறகு அவளுடைய கதிரையை இழுத்து, அவள் அமரும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.