கொம்புத் தங்கம்

மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் கேக் ஆர்டர் எடுத்தது என் கிறுக்குத்தனம். சிலமலையில ஒரு பயலுக்கு முதல் பிறந்தநாள். ஃபாண்டன்ட்ங்கிற சீனிமாவுல கிரீடம் செஞ்சு, தின்னக்கூடிய தங்கப்பொடியை எலுமிச்சை எசன்ஸ்ல குழைச்சுப் பூசி, வெரசா ஜீப்புல ஏத்திவிட்டேன்.

மத்தியானம் கொல்லைக்கு வந்தா, என் வீட்டுக்காரர் அருள்பாண்டி காளைக்கொம்புக்குத் தங்கக்கலர் அடிச்சுக்கிட்டிருக்கார். பக்கத்துல காலி டப்பா. மூடியில நான் அடையாளத்துக்கு ஒட்டிவச்ச சிவப்புப் பொட்டு.

“யோவ், மதுரையில சொல்லிவச்சு வாங்குன பொடியா மாட்டுக்கொம்புக்கு?”

“கத்தாத. கொம்புக்குன்னு பெயிண்டுக்கடையில நான் வாங்குன பொடி உன் அலமாரியிலதான் கெடக்கு. அதே மாதிரி டப்பா, அதே தங்கம். அத நீ எடுத்துக்க.”

எடுத்துக்கவா? காலையில அவசரத்துல மூடியப் பாக்காம அதைத்தானே எடுத்திருக்கேன்!

பயலோட அம்மா சுசித்ராவுக்குப் போனைப் போட்டேன். அவ என்னைப் பேசவே விடலை.

“அக்கா, கேக்கு அம்சம்! கிரீடத்தப் பய ஒருத்தனே பிடுங்கித் தின்னுட்டான். உதட்டுல ஒட்டுன தங்கம் சோப்புப் போட்டும் போகலக்கா!”