லீலாபாய் பெஞ்சு

"எங்கம்மை பேர குப்பையில எழுதாண்டாம் அக்கா" என்று டெல்வின் மஸ்கட்டிலிருந்து போனில் சொன்னபோது என் ஒரு கையில் இன்னும் கையுறை இருந்தது. வந்த கோபத்துக்கு அதை உருவி எறிந்தேன்.

டெல்வின் லீலாபாய் அக்காளின் ஒரே மகன். லீலாபாய் எங்கள் பஞ்சாயத்துக் குப்பைக் கொட்டகையில் பதினோரு வருடம் என் பக்கத்தில் நின்று பிளாஸ்டிக் பிரித்தவள். அவள் போய்ச் சேர்ந்து வருடம் ஒன்று ஆகப்போகிறது. எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் இறந்தால் அவர்கள் நினைவாக பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெஞ்சு போட்டு, சாய்மானத்தில் பேரை எழுதி வைப்பார்கள். எங்கள் ஊர் முக்கிலும் அப்படி இரண்டு கிரானைட் பெஞ்சுகள் கிடக்கின்றன. ஒன்று ஹெட்மாஸ்டர் பேரில், இன்னொன்று அரிசி மில்காரர் பேரில். இந்த இரண்டிலும் லீலாபாய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒருநாள் உட்கார்ந்தாளாம், பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து தள்ளிப்போய் நின்றுவிட்டார்களாம். வேலை முடிந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்து, பவுடர் பூசி, தலைக்குப் பூவும் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு வருவாள். வந்து, முட்டுவலியோடு மின்கம்பத்தில் சாய்ந்து நிற்பாள். கூப்பிட்டால், "நீ இரிட்டி, எனக்கு நின்னாதான் சொகம்" என்பாள்.

அதனால்தான் அவள் பேரில் ஒரு பெஞ்சு வேண்டும், அதுவும் அவள் பிரித்த பிளாஸ்டிக்கில் செய்த பெஞ்சாகவே வேண்டும் என்று கொட்டகையில் நாங்கள் ஆறு பேரும் ஒரே பிடியாக நின்றோம். எங்கள் மூட்டைகளை ஏற்றிப்போகிற லாரி கோயம்புத்தூர் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறது. அங்கே அதை உருக்கிப் பலகையாக்கி, பெஞ்சு, மேசை எல்லாம் செய்கிறார்கள் என்று டிரைவர் ஆன்ட்ரூஸ் சொல்லித் தெரியும். நாங்கள் அனுப்பியதையே நாங்கள் விலைகொடுத்து வாங்குவதாவது என்று ஊரில் கேலி பண்ணாத ஆள் இல்லை. வாங்க ஆள் இல்லாவிட்டால் நாங்கள் பிரித்து அடுக்குவதெல்லாம் யாருக்காம்?

இதை எல்லாம் சொன்ன பிறகும் டெல்வின் இறங்கி வரவில்லை. "பள்ளிக்கூடத்துல என்னைய குப்பைக்காரி மவன்னுதான் விளிப்பானுவ. செத்த பொறவாவது அம்மை கொஞ்சம் கவுரவமா இருக்கட்டும். கிரானைட்டுல போடுங்க, நான் தாரேன்" என்றான். எனக்கு அதற்குமேல் அவன்மேல் கோபப்பட முடியவில்லை. கடைசியில், "நீ லீவுல வந்து பாரு. பாத்துட்டு வேண்டாம்னு சொன்னியானா அன்னைக்கே எடுத்திருவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பெஞ்சு அதே லாரியில் வந்து இறங்கியது. பேரை வெட்ட என் வீட்டுக்காரர் வினோஜ் இருந்தார். சிலைக்குப் பேர்போன மயிலாடியில் கல்கொத்துகிறவர். சாமி சிலையின் கால்விரல் நகம் வரைக்கும் கொத்துகிற ஆளுக்கு இந்தப் பலகை ஒரு பொருட்டா என்று உளியை வைத்து, கல்லுக்குப் போடுகிற போடு ஒன்று போட்டார். உளி உள்ளே போய் மாட்டிக்கொண்டது. கல் சில்லாகத் தெறிக்கும், இது நாராக இழுத்துக்கொண்டு வந்தது. முதல் எழுத்தே கோரமாகிவிட்டது. "ஏட்டி, இந்த சவம் உளிக்கு அடங்காது கேட்டியா!" என்று கத்தினார். கம்பெனிக்காரர்கள் பெஞ்சோடு உபரியாக ஒரு பலகை அனுப்பியிருந்ததால் பிழைத்தோம். பிறகு பக்கத்துத் தச்சரிடம் வளைந்த உளி இரவல் வாங்கி, தட்டாமல் கையாலேயே பையப் பையச் சீவி, மூன்று சாயங்காலம் குனிந்திருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வெள்ளைப் பெயின்ட் ஊற்றினார். முடித்ததும் வழக்கம்போல சீவலைப் பெருக்கி வெளியே கொட்டப் போனார். நான் முறத்தைப் பிடுங்கிக்கொண்டேன். அந்தச் சீவலும் கெட்டுப்போன பலகையும் மறுபடி எங்கள் மூட்டைக்குள் போயின.

"கல்லுல எழுத்து தப்பாப் போச்சுன்னா அந்தக் கல்லு வாசப்படிக்குத்தான் ஆகும். இது கொள்ளாம், பின்னயும் உருக்கிக்கிடலாம்" என்று மெச்சினார். மயிலாடிக்காரர் வாயிலிருந்து அது வருவது சாதாரணமில்லை. நான் அன்றைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

டெல்வின் வந்த மறுநாள் காலையிலேயே முக்குக்கு வந்துவிட்டான். நானும் போனேன். எங்கள் புதுப் பெஞ்சில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நாகர்கோவில் போகக் காத்திருக்கிறவர்கள், குடையும் பையுமாக. கிரானைட் பெஞ்சு இரண்டிலும் வெயில் விழுந்து யாரும் இல்லை. லீலாபாயின் பேர் அந்தப் பெண்களின் முதுகுக்குப் பின்னால் மறைந்து கிடந்தது. டெல்வின் சற்றுத் தள்ளியே நின்றான். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

குடை வைத்திருந்த அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள். "நிக்கியே மக்கா, இரி. எடம் கெடக்குல்லா."

அவன் உட்கார்ந்தான். சாய்மானத்தில் கையைப் போட்டு எழுத்துகளைத் தடவினான். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "ஆரு மக்கா இந்த லீலாபாய்? டீச்சரா?"

டெல்வின் என்னைப் பார்த்தான். நான் பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டேன். சொல்ல வேண்டியவன் அவன்தான்.

"எங்கம்மை" என்றான். "இந்த ஊருல குப்ப பிரிச்சா. இந்த பெஞ்சு அவ பிரிச்ச பிளாஸ்டிக்குதான்."

அந்த அம்மாள் சட்டென்று எழுந்தாள். டெல்வினின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனால் அவள் தள்ளிப் போகவில்லை. பெஞ்சைப் பார்க்கத்தான் எழுந்திருக்கிறாள். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தாள். சாம்பல் நிறப் பலகையில் அங்கங்கே கிடந்த நீலப் பொட்டுகளைப் பெருவிரலால் தேய்த்தாள்.

"அப்பம் எங்க வீட்டு பால் கவரும் இதுல கெடக்குமோ?"

"கழுவிக் குடுத்திருந்தா கெடக்கும்" என்றேன் நான்.

மற்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். டெல்வினும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே. லீலாபாய் அக்கா, எனக்கு அந்த நிமிடம் இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

நாகர்கோவில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. மற்ற இரண்டு பேரும் ஏறினார்கள். அந்த அம்மாள் மட்டும் கண்டக்டரைப் பார்த்து ஒரு கையைக் காட்டி நிறுத்திவைத்துவிட்டு, மறு கை விரலைப் பலகையில் ஊன்றி, "இஞ்ச ஒரு பச்ச கெடக்கு, இது என்னதா இருக்கும்?" என்று டெல்வினிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனும் அவள் பக்கத்தில் மண்டியிட்டுப் பார்த்தான்.