நான்காம் சரணம்

பன்றியைக் குழியில் வைத்து மண்ணால் மூடியிருந்த மண்ணடுப்பின் ஓரத்தில் புகை கசிந்தது. லேசியெலி ஒரு ஈரச் சாக்கை இழுத்து அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தபோது, வீட்டின் முன்னால் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்ப் பந்தலில் பாடகர் குழு ஒத்திகையை ஆரம்பித்தது. முதல் அடியிலேயே அவளுக்கு எந்தப் பாட்டென்று தெரிந்துவிட்டது.

தீவில் இந்த ஊரை ஆளும் பிரபு கட்டிய படகுத்துறையைப் பற்றிய பாட்டு. அவள் அப்பா பெனிசிமானி கட்டியது. நேற்று விடியற்காலையில் இறந்துபோன அவருக்கு அவர் பாட்டையே பாடி மரியாதை செய்கிறார்களாம்.

"நல்லாத்தான் பாடுறாங்க" என்றான் பக்கத்தில் சேப்பங்கிழங்கு சுரண்டிக்கொண்டிருந்த சேமிசி, சித்தப்பா மகன். "பிரபு கேட்டா சந்தோஷப்படுவாரு. பன்றித் தலை அவருக்கு, பாட்டும் அவருக்கு. நமக்கு வால்தான். அதுவும் இந்தப் பன்றிக்கு வால் ரொம்பச் சின்னது."

அவள் சிரிக்கவில்லை. காதை அங்கேயே வைத்திருந்தாள். மூன்றாம் சரணம் முடிந்தது. இப்போது ஒரு இடைவெளி வரவேண்டும். நான்கு அடி நீளத்துக்கு யாரும் பாடமாட்டார்கள். ஆடுகிறவர்களின் கைகள் மட்டும் அசையும். இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான். ஆனால் இது சாவு வீடு, ஆட்டம் கிடையாது. குழு மூச்சுக்கூட விடாமல் அடுத்த சரணத்துக்குத் தாவியது.

லேசியெலி கையைக் கந்தல் பாயில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இறந்தவரின் பிள்ளைகள் சாவு வீட்டில் கடைசி வரிசை. முழங்காலிலிருந்து மார்பு வரை கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு, தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, சமையல் கொட்டகையில் கிடக்கவேண்டும். உடல் வைத்திருக்கும் அறைக்குள் போகக் கூடாது. படுக்கையில் கிடந்த அப்பாவைப் பதினோரு மாதம் கழுவித் துடைத்தவள் அவள்தான். அப்போதும் அவர் தலையை மட்டும் தொட்டதில்லை. அப்பாவின் தலை பிள்ளைகளுக்கு விலக்கு. சீவிவிட அடுத்த வீட்டிலிருந்து ஆள் வரவேண்டும்.

பந்தலின் ஓரத்தில் லிசியாதே நின்றிருந்தார். பிரபுவின் வாயாக இருந்து பேசுவது அவர் குடும்பத்தின் பரம்பரை வேலை. கருப்புச் சட்டை, இடுப்பில் நேர்த்தியான புதுப் பாய்.

"நாலாவது சரணத்தைப் பாடச் சொல்லுங்க" என்றாள்.

"நாலாவது சரணம்னு ஒண்ணு இல்லியே."

"இருந்துச்சு. நீங்கதான் சிவப்புப் பேனாவால அடிச்சீங்க. எங்க வீட்டு மேசையில உக்காந்து. நான் உங்களுக்கு டீ கொண்டுவந்து வச்சேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அரசர் துறையைத் திறக்க வர்றாரு. அன்னைக்குப் போய் செத்தவங்க பேரைப் பாடுவாங்களா? உங்கப்பா மாதிரி ஒரு கவிஞன், மூணு பூவைச் சொல்லிப் பூடகமாப் பாடியிருந்தா நானே விட்டிருப்பேன். பச்சையாப் பேரைப் போட்டா அது பாட்டா?"

"சரி, விழாவுல சாவைப் பாடக் கூடாது. இன்னைக்கு சாவு வீடுதானே? இங்க பாடலாம்ல?"

"பிரபு வர்றாரு, லேசியெலி."

"வரட்டும்."

"அவர் வர்ற இடமெல்லாம் விழாதான்." அவள் தோளுக்கு மேல் புகையைப் பார்த்தார். "அடுப்பைப் பாரு. தீயுது போல."

எதுவும் தீயவில்லை. அவள் திரும்பி நடந்தாள். அவர் சொன்னதைவிட, அதைச் சொன்ன விதம் எரிந்தது. வீட்டின் கதவைத் தனக்குப் பின்னால் சாத்துகிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொல்லியிருந்தார்.

துறைக்குக் கல் சுமக்க வீட்டுக்கு ஒரு ஆள் வரவேண்டும் என்று பிரபு உத்தரவு போட்டபோது அவள் அண்ணன் மனாசேவுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் முட்டுக் கொடுக்காமல் சுவரை ஏற்றாதீர்கள் என்று மேஸ்திரி சொன்னதை யாரும் கேட்கவில்லை. அரசர் வரும் தேதி குறித்தாகிவிட்டது. சுவர் சரிந்தபோது தண்ணீருக்குள் மனாசேவையும் சேர்த்து மூன்று பேர் இருந்தார்கள். அடக்கம் முடிந்து ஆறு வாரத்தில் திறப்பு விழா. பிரபு கையை அசைத்தார், கடல் விலகியது என்று அப்பா பாட்டுக் கட்டினார். அந்தப் பாட்டின் நடுவில் மூன்று பெயர்களை வைத்தார். லிசியாதே அடித்தார். அப்பா பேசாமல் இருந்தார். வீடு நிற்கும் மண் பிரபுவுடையது, கிழங்குத் தோட்டமும் அவருடையது.

ஆட்டம் கற்றுக்கொடுக்கும்போது மட்டும், "இங்க பாட்டு இல்ல. கை மட்டும்" என்றார். தோளில் ஏற்றுவது போல ஒரு அசைவு. கயிறு இழுப்பது போல ஒன்று. நெஞ்சில் பொத்திய உள்ளங்கை. கடைசியில் இரண்டு கைகளும் கவிழ்ந்து மெல்ல இறங்கும். பிரபுவின் படகுக்காக ஊர் காத்திருப்பதை அது காட்டுகிறது என்று லிசியாதே விருந்தாளிகளுக்கு விளக்குவார். அவர்கள் தலையாட்டுவார்கள். நடுவில் பிரபுவின் மகள் ஆடுவாள். வரிசைக் கடைசியில் லேசியெலி.

பெயர்களை அடிக்க ஏன் விட்டார் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டாள். அவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடம் அந்தக் கேள்வி ஒரு மூலையில் கிடந்தது. கோழை என்று அவரை மனதுக்குள் எத்தனை முறை சொல்லியிருப்பாள்! நேற்று முன்தினம், பேச்சு நின்றுபோன பிறகு, போர்வையின் மேல் அவர் வலது கை தானாக அசைந்தது. தோள். கயிறு. நெஞ்சு. பிறகு கவிழ்ந்து இறங்கியது. அவள் கஞ்சிக் கிண்ணத்துடன் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அத்தை கூப்பிடுறாங்க. துக்கத்துக்கு முடி வெட்ட" என்றான் சேமிசி.

பின்வாசல் படியில் தோவாகாசே அத்தை கத்தரிக்கோலுடன் உட்கார்ந்திருந்தாள். சந்தையில் மீன் விற்கிறவள். இன்று அவள்தான் இந்த வீட்டுக்கு எல்லாம். தம்பியின் தலைமாட்டில் உட்காரும் உரிமை அவளுக்கு மட்டும். எந்தப் பாய் யாருக்கு, எந்தப் பன்றி யாருக்கு, பெட்டிக்கு எப்போது மூடி போடுவது, எல்லாம் அவள் சொல்வதுதான். ஆக்லாந்திலிருந்து வந்த உறவினர்கள் உடலுக்குப் போர்த்திய மரப்பட்டைத் துணிகளில் நல்லதாக இரண்டைக் காலையிலேயே தனக்கென்று எடுத்து வைத்துவிட்டாள்.

லேசியெலி குனிந்து முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கத்தரி கழுத்தருகே குளிர்ந்தது.

"அத்தை."

"ம்."

"நாலாவது சரணத்தைத் தாண்டிப் பாடுறாங்க."

கத்தரி ஓடியது. முடி மடியில் விரித்திருந்த துணியில் விழுந்தது. லேசியெலி மெதுவாக, பாடாமல், வெறும் பேச்சாக நான்கு அடிகளையும் சொன்னாள். அண்ணன் பெயர் வந்த இடத்தில் குரல் பிசிறியது. மறுபடி எடுத்துச் சொல்லி முடித்தாள்.

"தலையை ஆட்டாத" என்றாள் அத்தை. வெட்டிய முடியை முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று மணிக்குப் பிரபுவின் கார் வந்தது. பந்தலில் எல்லாரும் தரையோடு தரையாகக் குனிந்தார்கள். நாற்காலியில் அவர் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வயதாகிவிட்டது. வீட்டின் இரட்டைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பாய்களின் அடுக்கு, அதன் மேல் அப்பா, தலைமாட்டில் அத்தை. கொட்டகையின் ஓலைத் தட்டி இடுக்கு வழியாக லேசியெலிக்கு அவ்வளவும் தெரிந்தது.

குழு பாடியது. மூன்றாம் சரணம் முடிந்தது. அடுத்த அடிக்கு வாய் திறந்தார்கள்.

"நிறுத்து."

பாட்டு நின்றது.

"ஒண்ண விட்டுட்டீங்க" என்றாள் அத்தை உள்ளிருந்து.

குழுத்தலைவர் லிசியாதேவைப் பார்த்தார். லிசியாதே கதவுவரை வந்து உட்கார்ந்து, குரலைக் குழைத்தார். "அம்மா, அந்த இடத்துல வார்த்தை இல்லீங்க. பிரபு முன்னால இப்படி..."

"நான் என் தம்பி தலைமாட்டுல உக்காந்திருக்கேன். அவர் எங்க உக்காந்திருக்காரு?"

லிசியாதே திரும்பி, வெளியே பிரபுவின் நாற்காலியைப் பார்த்தார்.

"வயசுக்கு வந்ததுலேருந்து அக்காளும் தம்பியும் ஒரு கூரைக்குள்ள உக்காந்ததில்ல. அதான் முறை. அவன் கட்டின பாட்டு அத்தனையும் வெளிய நின்னுதான் கேட்டேன். வெளிய நின்னாலும் காது கேக்கும், லிசியாதே. வார்த்தை அடுப்பாண்ட இருக்கு." குரலை உயர்த்தினாள். "அங்கேருந்தே பாடு."

சேமிசியின் கையில் சுரண்டி அப்படியே நின்றது. லேசியெலி புகையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாடினாள்.

கல் தூக்கிய தோள், மனாசே,
கயிறு பிடித்த கை, கிதியோனே,
மூச்சை அடக்கிய நெஞ்சு, உவாதா,
துறைக்குக் கீழே கிடக்கும் கல் நீங்கள்.

பந்தலில் அப்பாவிடம் ஆடப் பழகிய பெண்கள் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். யாரும் சொல்லவில்லை. தோளுக்கு ஒரு கை போனது, பிறகு பத்து, பிறகு எல்லாம். கயிற்றை இழுத்தன. நெஞ்சில் பொத்தின. படகுக்குக் காத்திருப்பது என்று நினைத்து ஆடியவர்கள் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரபு லிசியாதே பக்கம் சாய்ந்தார். அந்த அமைதியில் அவர் மெல்லக் கேட்டதுகூடக் கொட்டகைவரை வந்தது.

"யாரு இவங்கல்லாம்?"

"பழைய ஆளுங்க, பிரபு. துறையில வேலை பார்த்தவங்க."

"ஓ" என்றார் பிரபு. நல்ல மனதோடுதான் தலையை ஆட்டினார்.

லேசியெலி ஓலைத் தட்டியை இறுகப் பிடித்தாள். குழுத்தலைவர் கையைத் தூக்கி அடுத்த சரணத்தைத் தொடங்கி வைத்தார். அது பிரபுவின் பெயரில் ஆரம்பிப்பது. ஆண்களில் சிலர் பாடினார்கள். பெண்களின் கைகள் கவிழ்ந்து, இறங்கவேண்டிய இடத்துக்கு இறங்காமல் பாதியிலேயே நின்றன.

"வெந்துருச்சு" என்றான் சேமிசி, குரல் எழும்பாமல். "பிரபுவுக்குப் பன்றித் தலையை எடுக்கணும். திறக்கவா?"

அடுப்பின் ஓரத்தில் மறுபடி புகை கசிந்தது. அவள் இன்னொரு சாக்கை வாளித் தண்ணீரில் முக்கி, பிழியாமல் கொண்டுவந்து, அந்த இடத்தில் போட்டு மிதித்தாள்.

"இன்னும் வேகட்டும்" என்றாள்.