எண்ணக் கூடாத வீடுகளின் தண்ணீர்க் கணக்கு

1

இந்தக் கதை ஓர் அறிக்கையின் ஓரத்தில் பிறந்தது. செயல்திட்ட வழியில் பாடம் நடத்தியதால் மாணவர்களுக்கு ஆர்வம் வந்ததா, ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்பு என்றது கல்வி அலுவலகம். 'ஆர்வம்' என்று தொடங்கினேன். கதோனியின் முகம் வந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

வேறு தொடக்கம்: மூடுபனிக்குள் ஒரு பள்ளிக்கூடம் மிதந்துகொண்

(வேண்டாம். எங்கள் தேயிலை மலையில் காலை பத்து மணி வரை எல்லாமே மிதக்கும்.)

2

கதோனி ஏழாம் வகுப்பு, கடைசி பெஞ்சு. கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தை தெரிந்தவள். நவம்பரில் பள்ளி ஆண்டு முடிந்ததும் படிப்பை நிறுத்தி, அவளை நைரோபியில் அத்தை வீட்டுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அனுப்புவதாக அவள் அப்பா முடிவு செய்திருந்தார்.

"இவளுக்குப் படிப்பு ஏறல டீச்சர். விட்டுடுங்க."

"ஒரு வேலை குடுக்குறேன். அதுலயும் தூங்கினா நானே பஸ் ஏத்தி விடுறேன்."

"பார்க்கலாம்" என்றார். அந்த 'பார்க்கலாம்' என்ற ஒரு சொல்லை நம்பித்தான் செயல்திட்டம் தொடங்கினேன்: எங்கள் மலைக்கு எவ்வளவு பெரிய மழைநீர்த் தொட்டி வேண்டும்? கணக்கு மாணவர்களுடையது.

3

இங்கே கதாபாத்திரமான டீச்சர் ஒரு மடத்தனம் செய்கிறாள். (நான்தான். வேறு யார் மேல் போடுவது?) இதே மலையில் பிறந்தவள், நகரத்துக் கல்லூரியில் படித்த மிதப்பில், படிவத்தில் 'வீட்டில் பிள்ளைகள் எத்தனை?' என்று அச்சடித்துவிட்டாள். எங்கள் பக்கம் பிள்ளைகளை எண்ண மாட்டார்கள். எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்பார்கள். வீடு வீடாகப் போன மாணவர்கள் வெற்றுப் படிவத்தோடு திரும்பினார்கள். ஒரு தாய் துடைப்பத்தோடு துரத்தியிருக்கிறாள்: "என் புள்ளைங்க மேல உங்க டீச்சருக்கு என்ன பகை?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

"காலையில எத்தனை கப் டீ ஊத்துறீங்கன்னு கேப்போம் டீச்சர். கப்பை எண்ணினா யாரும் சாக மாட்டாங்க."

மறுநாளிலிருந்து கதோனி பனிக்குள் முன்னால் ஓடினாள், வகுப்பே அவள் பின்னால் ஓடியது. பனியில் அவள் கை மட்டும் தெரியும், பிறகு யாரோ ஒருத்தியின் சிரிப்பு, பிறகு "ஏழு கப்!" என்ற கூவல். அத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

(அறிக்கையை இங்கேயே முடித்திருக்கலாம்.)

4

கடைசியாக அவள் வீடு. நான் வாசலில் நின்றேன். அம்மா அடுப்பில் பாலும் தேயிலையுமாகக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை கப்மா?" கதோனி கேட்டாள்.

"தொட்டி எப்ப முடியும்னு சொன்னே?"

"ஜனவரில."

"அப்ப அஞ்சு."

அடுப்படியில் காலிக் கப்புகள் வரிசையாக இருந்தன. ஆறு.

"என்னைச் சேர்த்தாம்மா?"

அம்மா திரும்பவில்லை. "ஜனவரின்னு நீதானடி சொன்னே" என்றார். கிண்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

5

முதல் முடிவு: கதோனி ஆறு என்று எழுதுகிறாள். அப்பா அதைப் பார்த்து மனம் மாறுகிறார். அலுவலகம் கைதட்டும். எனக்கே நம்பிக்கை இல்லை.

இரண்டாவது: ஐந்து என்று எழுதுகிறாள். தொட்டி சரியான அளவில் வருகிறது. ஜனவரியில் மழை

மூன்றாவது: அம்மா கரண்டியை வைத்துவிட்டு

நடந்ததைச் சொல்கிறேன். கதோனி பென்சிலை என்னிடம் நீட்டினாள். "நீங்க எழுதுங்க டீச்சர்."

ஆறு என்று எழுதினால் இன்றைக்கே அவள் அப்பா முன்னால் போய் நிற்க வேண்டும். ஐந்து என்று எழுதினால், அவள் போன பிறகும், தினமும் அவள் முகத்தின் முன்னால் நிற்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த வாக்கியம் வரைக்கும் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மா இப்போது திரும்பிப் பார்க்கிறார். இதைப் படிக்கிற நீங்கள் இந்தப் பென்சிலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஓர் எண்தான்.