ஷிபானா வண்டியில் சிவப்புப் புள்ளி

1.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குள்ளிருந்து வந்தது வாந்தியோடு. வத்தலக்குண்டில் பரோட்டாவை ஒரு பிடி பிடித்துவிட்டுக் கொடைக்கானல் டாக்ஸியில் ஏறியிருக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் நான் வாயைப் பொத்துவதற்குள் ஓட்டுநர் ஒரு பையை நீட்டினார். மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. காகிதப் பை. அதன் விளைவை விவரிக்கப் போவதில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் முன்கண்ணாடிக்குக் கீழே கட்டைவிரல் தடிமனில் ஒரு கேமராவையும் அதில் எரிந்த சிவப்புப் புள்ளியையும் பார்த்தேன்.

"இது... பதிவாகுதாங்க?"

"ஆகுதுங்க சார். நல்ல வெளிச்சத்துல தெளிவா விழுந்திருக்கும்."

ஓட்டுநர் பெயர் ஷிபானா. மீதி வழி முழுக்க அவர்தான் பேசினார். எனக்கு வாயைத் திறக்கப் பயம், அதனால் எல்லாவற்றையும் கேட்டேன். (எழுத்தாளர்கள் கூர்ந்து கவனிப்பவர்கள் என்பார்கள். பல நேரம் காரணம் இவ்வளவுதான்.)

2.

முதல் வரிக்கான முயற்சிகள்:

மூடுபனி மெல்ல மலையைப் போர்த்திக்கொண்டிருந்த அந்த—

(வேண்டாம். பனி இல்லாமல் கொடைக்கானல் கதை எழுதினால் யாரும் அபராதம் போட மாட்டார்கள்.)

உரிமம் பெற்ற வாடகை வாகனங்களில் கேமராவைக் கட்டாயமாக்குவது குறித்து இரு தரப்பையும் சீர்தூக்கி—

(இதற்குப் பட்டிமன்றம் இருக்கிறது.)

சரி, நடந்ததையே சொல்கிறேன்.

ஷிபானாவின் கணவர் ஜமால் முகம்மதுவுக்குப் பஜாரில் தைலக்கடை. டாக்ஸியை வாங்கியவர் அவர்தான். ஆனால் வளைவைக் கண்டாலே அவருக்குத் தலை சுற்றும். ஷிபானாவுக்குச் சுற்றாது. அதனால் கணவர் கடையில், மனைவி ஸ்டியரிங்கில். இதில் சோகம் எதுவும் இல்லை, தேடாதீர்கள்.

போன சீசனில் ஒருவன் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான். பெருமாள்மலை தாண்டியதும் அவர் தோளில் கையை வைத்தான். "கைய எடுங்க" என்றார். எடுத்தான். அடுத்த வளைவில் மறுபடியும் வைத்தான். ஷிபானா வண்டியை ஓரங்கட்டி, அவனையும் பெட்டியையும் ரோட்டில் இறக்கிவிட்டார். அவருக்கு முந்தி அவன் புகார் கொடுத்துவிட்டான்: காரணமே இல்லாமல் நடுவழியில் இறக்கிவிட்டு மிரட்டினாளாம்.

"யாராவது பாத்தாங்களாம்மா?" என்று ஸ்டேஷனில் கேட்டார்கள்.

மரங்கள் பார்த்திருந்தன.

டாக்ஸி சங்கத் தலைவர் சேனாதிபதி தீர்ப்பை எளிதாக்கினார். "வெசாரண முடியட்டும். அதுவரைக்கும் ஸ்டாண்டுல வண்டி போடாத."

விசாரணை முடியும்வரை வீட்டில் சும்மா இருந்த அந்த ஒரு வாரத்தில்தான் ஷிபானா, மூஞ்சிக்கல்லில் ரஷாத் நடத்தும் கடையில் கேமராவை வாங்கி மாட்டினார். சட்டம் எதுவும் அவரைக் கேட்கவில்லை.

3.

சட்டம் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஸ்டாண்டில் நிற்கும் அனுமதி வேண்டுமானால் ஒவ்வொரு டாக்ஸிக்குள்ளும் கேமரா இருக்க வேண்டும் என்று நகரமன்றத் தலைவி விசாலாட்சி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்.*

* மன்றம் நான் கட்டியது. விசாலாட்சியையும் நானே தேர்ந்தெடுத்தேன், ஓட்டுப்பெட்டி இல்லாமல்.

சேனாதிபதி எதிர்த்தார். "நம்ம வண்டியில பாதிப் பேரு புதுசாக் கல்யாணம் ஆனவுக. கேமராவ மாட்டுனா, அவுக ஆத்தா அப்பனயும் மடியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரில்ல?"

அவரை வில்லனாக்குவதுதான் என் திட்டம். ஆனால் வில்லன் சொல்வதில் நியாயம் இருந்தால் எழுத்தாளன் பாடு திண்டாட்டம். மீசையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன். பயனில்லை.

4.

மன்றம் கூடுவதற்குச் சில நாள் முன்பு சேனாதிபதியின் கார் பட்டறையில் கிடந்தது. வத்தலக்குண்டிலிருந்து மேலே வர அவருக்குக் கிடைத்தது ஷிபானாவின் வண்டிதான். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மன்றத்தில் பேசப்போவதைக் கை நீட்டி நீட்டி ஒத்திகை பார்த்தார். ஷிபானா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார்.

அப்போது சேனாதிபதியின் போன் அடித்தது. அவர் மகள் ஸ்வேதா. தான் விரும்பியவனைக் கட்டிக்கொண்டு கோவைக்குப் போனவள். அதன்பின் அப்பாவும் மகளும் பேசியதில்லை. அவள் அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, இந்தப் பக்கம் அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது.

"அடிச்சானா? ... அழாத தாயி. ஒண்ணும் எடுக்க வேணாம், கட்டுன சேலையோட வா. வெள்ளனே பஸ் ஏறிரு. யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாக. நான் இருக்கேன்ல."

போனை வைத்து, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்து, நிமிர்ந்தவர் சிவப்புப் புள்ளியைப் பார்த்தார்.

"ஏம்மா... இது ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"அழிச்சிரும்மா. ஊருக்குத் தெரிஞ்சா எம் பிள்ளையத்தான் பேசுவாக."

"அழிச்சிர்றேண்ணே. கவலப்படாதீங்க."

அன்று சாயங்காலம் ஷிபானா தன் போனில் எவ்வளவு துழாவியும் அழிக்க வழியில்லை. பார்க்க மட்டும் முடிந்தது. நேரே ரஷாத் கடைக்குப் போனார்.

"தலைவரா?" என்றான் ரஷாத். "பாத்தேங்க்கா. பாவம், அழுதுட்டாரு."

"நீ எப்பிடிடா பாத்த?"

"நம்ம கடையில கேமரா மாட்டுன எல்லா வண்டியும் இந்தக் கம்ப்யூட்டருக்குத்தானக்கா வருது. சோலி இல்லாதப்ப ஓட விட்டுருவேன்." அவன் நல்ல பையன், பாராட்டாகவே சொன்னான்: "நீங்க தனியாப் போறப்ப நல்லாப் பாடுறீங்கக்கா."

ஷிபானாவுக்கு உடம்பு கூசியது. அந்தக் கை தோளில் பட்டபோது கூசியது போலவே என்றார் என்னிடம். (இதைவிட நல்ல உவமைக்காக நெடுநேரம் முயன்றேன். அவர் சொன்னதே இருக்கட்டும்.)

தன் கண்முன்னால் அதை அழிக்க வைத்த பிறகுதான் கடையை விட்டு நகர்ந்தார்.

5.

மன்றம் கூடியது. இந்த இடத்தில் ஷிபானா எழுந்து, எதிர்க்கும் சேனாதிபதியின் கண்ணீரை எல்லோருக்கும் போட்டுக்காட்டி—

(முடியாது. அழித்தாயிற்று. என் பாத்திரம் என்னைக் கேட்காமலே கண்ணியமாக நடந்துகொண்டுவிட்டது.)

சேனாதிபதி முதலில் எழுந்தார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிருந்தது.

"கேமரா வேணாம்னுதான் சொல்ல வந்தேன். இப்பவும் அதான். ஆனா அன்னைக்கு இந்தப் பொண்ண ஒரு வாரம் வீட்டுல உக்கார வச்சது தப்பு. கேமரா இல்லாமயே நான் நம்பியிருக்கணும்."

"நம்பலயேண்ணே," என்றார் ஷிபானா. குரல் உயரவில்லை. "நீங்க நம்பியிருந்தா நான் ஏன் வாங்கப் போறேன்?"

பிறகு தலைவியின் மேசைப் பக்கம் திரும்பினார். "எனக்குக் கேமரா வேணுங்க. ஆனா படம் கடையில கெடக்கக் கூடாது. புகார் வந்தா மட்டும் தெறக்கணும். ஏறுறவுக கிட்ட முன்னாடியே சொல்லணும். அதையும் சேத்து எழுதுங்க."

சேர்க்கலாம், ஆனால் தீர்மானத்தைத் திரும்பப் பெற்று மறுபடி கொண்டுவர வேண்டும், அதற்குள் சீசன் முடிந்துவிடும் என்றார் மன்ற அதிகாரி. இன்று இருப்பது இருந்தபடி வேண்டும் அல்லது வேண்டாம். அவ்வளவுதான்.

கைகளை எண்ணினார்கள். சரிபாதி. முடிவு விசாலாட்சியின் கையில்.

6.

முடிவு ஒன்று: தீர்மானம் நிறைவேறுகிறது. எந்த ஓட்டுநரையும் இனி யாரும் பொய்யாக மாட்டிவிட முடியாது. ரஷாத் கடைக்கு இன்னொரு கம்ப்யூட்டர் வருகிறது. மலையேறும் ஒவ்வொருவரின் அழுகையும் முத்தமும் கொட்டாவியும் அங்கே ஓடுகின்றன.

முடிவு இரண்டு: தோற்கிறது. வில்பட்டியைச் சேர்ந்த தமிழ்மதி ஓட்டுநர் உரிமம் வாங்கி, கேமராவுக்கு வசதியில்லாமல் முதல் சவாரி ஏற்றுகிறாள். பயணி முன்சீட்டுக் கதவைத் திறக்கிறான்.

இரண்டையும் பலமுறை எழுதி அடித்தேன். நான் எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். காகிதப் பை விஷயத்தால் என் நடுநிலை ஏற்கெனவே சந்தேகத்துக்குரியது.

விசாலாட்சி ஒரு சுக்குக் காபி கேட்டிருக்கிறார். கொதிக்கக் கொதிக்க வந்திருக்கிறது. ஊதி ஊதிக் குடிக்கிறார். ஷிபானா சுவரோரம் நிற்கிறார். பக்கத்தில் வந்து நின்ற சேனாதிபதி கிசுகிசுக்கிறார்:

"எம் மக வந்துட்டாம்மா."

"நல்லதுண்ணே. சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

 இருவரும் அவரவர் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இன்னும் நினைக்கிறார்கள்.

டம்ளரில் அடிமண்டி தெரிகிறது. தலைவி நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார். ஏதாவது சொல்லுங்கள்.