எட்டுக் கூறு தக்காளி

தக்காளி கிலோ நூற்றிருபதைத் தொட்ட வாரம், என்னைக் கூட்டிலிருந்து விலகச் சொன்னார்கள்.

முகப்பேரில் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள் சேர்ந்து, ஞாயிறுதோறும் கோயம்பேட்டில் பெட்டிக் கணக்கில் வாங்குவோம். கடை விலையில் முக்கால்தான் ஆகும். எத்திராஜ் தன் லோடு ஆட்டோவில் கொண்டு வருவார். வண்டி நிறுத்துமிடத்தில் தார்ப்பாய் விரித்து, கீழ்வீட்டு வடிவு அக்கா எட்டுக் கூறு போடுவார். உனக்குப் பழம், எனக்குக் காய் என்று சண்டை வரக் கூடாது. அதனால் எத்திராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். அக்கா ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். அவர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வார். எல்லாம் அந்தந்த வீட்டுப் பெண்களின் பெயர்கள். எங்கள் வீட்டுக்குக் கிருஷ்ணப்பிரியா, என் மனைவி.

அவள் பங்குனியில் இறந்துபோனாள். எத்திராஜ் பெயரை மாற்றவில்லை. நான் பையோடு போய் நிற்பேன். என் அம்மாகூட போனில் 'அவ' என்றுதான் சொல்கிறாள். பெயர் சொல்வது ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரோரம் மட்டும்தான்.

நான் சமைப்பதில்லை. மண்ணூர்பேட்டையில் ஆபீசுக்குப் பக்கத்து மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். அங்கே சாப்பாட்டு விலையை ஏற்றி, ரசத்தில் தக்காளியை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டில் தக்காளி அழுகியது. வாரா வாரம் குப்பையில் போட்டேன். எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மேல்மாடிக்குப் புதிதாக வந்த ஸ்வாதி வீட்டில் ஐந்து பேர். விலை தாங்காமல் புளியை மட்டும் கரைத்துக் குழம்பு வைக்கிறாளாம். அவளையும் சேர்த்து ஒன்பது கூறு போட்டால் எல்லாருக்கும் குறையும் என்றார் வடிவு அக்கா. ஸ்வாதி கொஞ்சம் தள்ளிப் பையோடு நின்றிருந்தாள். எனக்கும் வேண்டும், தொக்கு போடப்போகிறேன் என்றேன்.

"தொக்கா? பங்குனிக்கு அப்பால உங்க ஊட்ல சிலிண்டரே மாத்தல தம்பி. அந்த ஊட்ல ஆளு கீதான்னு கேஸ்காரன் என்னாண்ட வந்து கேக்குறான்" என்றார் அக்கா.

"நூத்திருவது ரூவாய குப்பைல கொட்றியே நைனா" என்றார் எத்திராஜ். "அதுக்கு பிரியாணி துன்னலாம்."

இரண்டிலும் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை. கூறை விட்டுவிடுகிறேன், பெயரை மட்டும் எடுக்க வேண்டாம் என்றேன்.

அக்கா குனிந்து ஒரு கூறிலிருந்து உருண்ட தக்காளியைத் திரும்ப வைத்தார். அப்புறம், ஸ்வாதி கூறுக்கு ஸ்வாதி பெயரைத்தானே சொல்ல வேண்டும் என்றார்.

"எனக்கு எட்டு பேருதான் மனப்பாடம். புச்சா ஒண்ணும் ஏறாது" என்று எத்திராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாவது கூறைத் தொட்டு அக்கா கேட்டார்.

"கிருஷ்ணப்பிரியா" என்றார் எத்திராஜ்.

யாரும் நகரவில்லை. அக்கா முழங்கையால் இடித்ததும் ஸ்வாதி, "இருக்கேங்க" என்று பையை விரித்தாள். நல்ல கூறு. முக்கால்வாசி பழம்.

என் பையை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். மீதிப் பெயர்களையும் சொல்லி முடிக்கும்வரை நின்றேன்.