அமுதம் என்னும் குடைக்கப்பல்

"அம்மா, இந்தக் கப்பல்ல இருக்குறவங்கள்லாம் எங்க படுப்பாங்க?"

நிலா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. கையில் இட்லித் தட்டு, கண் கணினித் திரையில். மதிவதனி தான் வரைந்த படத்தை மேலிருந்து கீழ்வரை தேடினாள். பன்னிரண்டு பீரங்கி வரைந்திருந்தாள். குண்டு மேலே ஏறி வரும் கூண்டு, கொதிகலன், விமானத்தின் தூரம் பார்க்கும் கருவி எல்லாம் வரைந்திருந்தாள். அவற்றை இயக்க ஐந்நூறு பேர் வேண்டும். அந்த ஐந்நூறு பேருக்குப் பாய் விரிக்க ஓரிடம் வரைந்திருக்கவில்லை.

மதிவதனிக்குக் காரைக்காலில் கட்டட வரைபடம் போடும் அரசு வேலை. பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று பகலெல்லாம் வரைந்துவிட்டு, தருமபுரத்து வீட்டுக்கு வந்ததும் போர்க்கப்பல் வரைவாள். "ஊருல எல்லா வீட்டுலயும் சாயங்காலமானா சீரியல். நம்ம வீட்டுல பீரங்கி" என்பான் அவள் கணவன் மதியழகன். சொல்லிக்கொண்டே அவளுக்குக் காபியும் கொண்டுவந்து வைப்பான்.

"கீழைக்கரைக் கடற்படை" என்று கைப்பேசியில் ஒரு குழு இருந்தது. இருபது இருபத்தைந்து பேர். நடக்காத ஒரு வரலாற்றை எல்லாரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். உலகப் போருக்கு முன்பே இந்தக் கரையோரத்துச் சிறு ஊர்களெல்லாம் கூடி ஒரு நாடாகி, தமக்கென்று கடற்படை வைத்திருந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் கதை. ஒருவர் உடன்படிக்கை எழுதுவார், ஒருவர் கடற்போர் எழுதுவார், மதிவதனி கப்பல் வரைவாள்.

விளையாட்டுதான் என்றாலும் விதிகள் கறாரானவை. வரைந்த கப்பலைக் குழுவில் வைத்துவிட்டால், திங்கட்கிழமை தொடங்கி ஒரு வாரம் யாரும் எதையும் கேட்கலாம்; வாரக் கடைசியில் வாக்கெடுப்பு. ஆனால் எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும். தனியே பேசிக்கொள்ளக் கூடாது. திங்கள் விடிவதற்குள் தன் பிழையைத் தானே கண்டால் திருத்திக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கேள்வியில் கப்பல் விழுந்தால் விழுந்ததுதான். அதற்கு வைத்த பெயரும் அதோடு போகும்; மறுபடி எந்தக் கப்பலுக்கும் அந்தப் பெயரை வைக்க முடியாது.

மதிவதனியின் கவலை அந்தப் பெயரைப் பற்றித்தான்.

அந்தக் கடற்படையின் அரிசிக் கப்பல்களை எதிரி விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் நடுவே நின்று, வானத்தைப் பார்த்துச் சுட்டுக் காக்க ஓர் இலகு ரகப் போர்க்கப்பல் தேவைப்பட்டது. குழுவில் அதைக் குடைக்கப்பல் என்றார்கள். மற்றப் போர்க்கப்பல்களுக்கெல்லாம் அரசர்கள் பெயரும் தளபதிகள் பெயரும் இருந்தன. இதற்கு மதிவதனி வைத்த பெயர் அமுதம். அவளுடைய அக்கா பெயர்.

அம்மா இறந்தபோது அமுதத்துக்குப் பதினைந்து வயது. புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் பூவம் ஊர் வயல்களில் நாற்று நடப் போனாள். தங்கை பாலிடெக்னிக் முடிக்கும்வரை அவள் சேற்றைவிட்டு ஏறவில்லை. இதையெல்லாம் அமுதம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் மதிவதனியின் மனப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

ஒரு விடுமுறை நாளில் கீரைக்கட்டோடு வந்த அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஏண்டி, சண்டைக் கப்பலுக்கா எம்பேரு? நான் கொசு அடிக்கவே ரெண்டு தரம் யோசிப்பேன்."

"இது யாரையும் தேடிப் போயி அடிக்காதுக்கா. மத்த கப்பலுக்கு நடுவுல நின்னு, மேலேருந்து வர்றதத் தடுக்கும். அதுங்கள்லாம் பத்திரமாப் போயிச் சேரும்."

அமுதம் திரையை உற்றுப் பார்த்தாள். "பேரு எங்க போட்டிருக்க?"

"பின்னாடி, சின்னதா."

"பெருசா எழுதேன், தூரத்துலேருந்து தெரியட்டும்."

"போர்க்கப்பல்ல அப்படி எழுத மாட்டாங்கக்கா. எதிரிக்குத் தெரிஞ்சிடும்."

"பின்ன என்னடி பிரயோசனம்?" என்றாள் அமுதம். ஆனால் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணிடம், "எம்பேருல ஒரு கப்பல் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்ததை மதிவதனி கேட்டாள். இனி அந்தக் கப்பல் விழக்கூடாது.

நிலாவின் கேள்விக்கு வருவோம். அன்றே மதிவதனி மேல்தளத்தில் நீளமான ஒரு தூங்கும் கூடம் வரைந்தாள். இந்தக் கரையின் புழுக்கம் அவளுக்குத் தெரியாததா? காற்று வர இருபுறமும் ஜன்னல் வைத்தாள். எடைகளைக் கூட்டிப் பார்த்தாள். எண்ணெய் நிரப்பிக் குண்டு ஏற்றிப் புறப்படும் கப்பல் நிமிர்ந்து நின்றது. படத்தைக் குழுவில் வைத்தாள்.

கேள்வி வாரம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாலை கைப்பேசி அடித்தது.

"மதிவதனி மேடமா? சஃபியுல்லா பேசுறேன். நம்ம குழுவுல இருக்கேன்."

சரக்குக் கப்பலில் என்ஜினியர் அவர். விடுப்பில் காரைக்காலுக்கு வந்திருந்தார். குழுவில் எப்போதாவதுதான் எழுதுவார்.

"சொல்லுங்க பாய்."

"தனியாக் கூப்பிடுறது தப்புதான். ஆனா நாளைக்கு அத்தன பேரு முன்னாடி கேக்க மனசு வரல. கப்பல் கெளம்புறப்ப எடை போட்டிருக்கீங்க. திரும்பி வர்றப்ப போட்டீங்களா?"

"அதே கப்பல்தானங்க பாய்?"

"அடியில இருந்த எண்ணெய எரிச்சுட்டுல்ல வருது?"

மதிவதனி படத்தில் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தாள். இத்தனை வருடங்களில் அவள் வரைந்த எந்தக் கட்டடமும் தன் அஸ்திவாரத்தைத் தானே தின்றதில்லை. பள்ளிக்கூடம் திறந்த நாளில் இருந்த அடித்தளம் நூறு வருடம் கழித்தும் அங்கேயே இருக்கும். கப்பல் அப்படியல்ல. அடியிலுள்ள எண்ணெய் போகப் போகத் தீரும்; மேலேயுள்ள பீரங்கியும் கூடமும் அப்படியே இருக்கும்.

"கவுந்துடுமா பாய்?"

"ஐப்பசிக் காத்துல வேகமா ஒரு திருப்பம் திருப்பினா கவுந்துடும் மேடம். காலித் தொட்டியில கடல் தண்ணிய விடலாம். அதுமட்டும் பத்தாது. மேல இருக்குறதுல எதையாவது எறக்கணும். எதைன்னு நீங்க பாருங்க. உங்க கப்பல்."

மதியழகன் அன்று தோசை சுட்டான். மதிவதனி மறுபடி கணக்கைப் போட்டாள். இறக்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று தூங்கும் கூடம். மற்றொன்று, முன்பக்கத்தில் உயரத்தில் இருந்த இரட்டைப் பீரங்கி மேடை. கூடத்தை அழித்துவிட்டால் பன்னிரண்டு பீரங்கியும் நிற்கும். குழுவில் எல்லாரும் மெச்சுவார்கள். கூடத்தின் மேல் விரலை வைத்தாள். உள்ளே படுத்திருக்கிறவர்களை எழுப்பி வெளியே அனுப்புவதுபோல் இருந்தது. விரலை எடுத்துவிட்டாள். வெறும் கோடுகள்தான். ஆனால் கோட்டில் இரக்கம் காட்டாத கை கல்லிலும் செங்கல்லிலும் காட்டாது.

பீரங்கி மேடையை இறக்கினாள். அதோடு அதன் குண்டுகளும் அதற்கான ஆட்களின் எண்ணிக்கையும் குறைந்தன. காலித் தொட்டியோடு கப்பல் நிமிர்ந்து நின்றது. "எண்ணெய் தீர்ந்த நிலையைப் பார்க்காமல் விட்டது என் பிழை. திருத்திய படம் இது" என்று எழுதிக் குழுவில் வைத்தாள்.

கேள்வி வாரத்தில் முதல் ஆளாக வந்தவர் சிவராமன். நாகப்பட்டினத்துக்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடன் கேட்டு வந்தவர்களைக் கேள்வி கேட்ட பழக்கம் இன்னும் போகவில்லை.

"பன்னண்டு பீரங்கி பத்தாயிடுச்சு. வாக்கெடுப்புக்குள்ள துடுப்புப் படகாயிடுமா வதனியம்மா?"

"பத்தும் திரும்பி வரும் சார். பன்னண்டு திரும்பி வராது."

"அதென்ன மேல ஜன்னல் வச்ச கூடம்? போர்க்கப்பலா, கல்யாண மண்டபமா?"

"ராத்திரி தூங்குன கண்ணுதான் சார் காலையில விமானத்தப் பாக்கும்."

மறுநாள், எண்ணெய் தீர்ந்த கப்பலின் எடையைச் சிவராமனே போட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "பழைய படம்னா இந்நேரம் கவுத்திருப்பேன்" என்று எழுதினார். வாக்கெடுப்பில் முதல் கை அவருடையதுதான்.

"ஓட்டுப் போட்டுட்டாங்களாடி?" என்றாள் அமுதம் கைப்பேசியில்.

"போட்டுட்டாங்கக்கா."

"எம்புட்டு எடை?"

"ஆறாயிரம் டன்."

"ஆத்தாடி! ரேஷன் கடையில சொன்னா ஒருத்தியும் நம்பமாட்டா" என்று அமுதம் சிரித்த சிரிப்பு நடுவில் நின்றது. அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சளிடி" என்றாள்.

மதிவதனி சஃபியுல்லாவைக் கூப்பிட்டு, குழுவில் அவர் பெயரைச் சொல்லி நன்றி எழுதட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம் மேடம். விதிய ஒடச்சேன்னு தெரிஞ்சா சிவராமன் சாரு என்னையத் தூக்கிக் கரையில போட்டுடுவாரு. அல்லா கண்ணுல காட்டுனான், நான் சொன்னேன். அவ்வளவுதான்."

விடுப்பு முடிந்து அவர் கடலுக்குப் போய்விட்டார். வாய்விட்டுச் சொல்ல முடியாத நன்றி, செருப்பில் சிக்கிய மணல் மாதிரி. நடக்க முடியும், மறக்க முடியாது.

சில மாதம் கழித்துச் சஃபியுல்லா முதல்முறையாக ஒரு கப்பல் வரைந்து அனுப்பினார். ஆழ்கடலில் நிற்கும் அமுதத்துக்கு எண்ணெய் கொண்டுபோய் ஊற்றும் கப்பல். சமையலறையைப் பெரிதாக, நல்ல வெளிச்சமாக வைத்திருந்தார். 'தாய்த் துறைமுகம்: காரைக்கால், அரசலாற்று முகத்துவாரம்' என்று கீழே எழுதியிருந்தார். கூடவே ஒரு வரி: 'இனிப் பத்து நாள் எனக்கு சிக்னல் இருக்காது. கேள்வி கேளுங்கள், வந்து பதில் சொல்கிறேன்.'

ஞாயிற்றுக்கிழமை மதியம் மதிவதனி அதை ஆசையாகத் திறந்தாள். அடுத்த நிமிடமே அடிப்பாகத்தின் அளவைத் திரும்பப் பார்த்தாள். அந்தக் கப்பலின் அடிப்பாகம் இருபதடி தண்ணீருக்குள் இருக்கும். அரசலாற்று வாயில் பத்தடி இருந்தாலே அதிகம். காரைக்கால்மேட்டுப் படகுகளே சில நாள் அங்கே மணல் தட்டி நிற்கும். பெரிய துறைமுகங்களில் இறங்கி ஏறியே பழகிய மனிதர், சொந்த ஊர் ஆற்றை அளக்க மறந்துவிட்டார். நாளைக் காலை சிவராமன் என்ன கேட்பார் என்பது இப்போதே காதில் விழுந்தது: 'கப்பல்ல வேலை பாக்குறவருக்கு உள்ளூர் ஆத்தோட ஆழம் தெரியலியே!'

சஃபியுல்லாவின் எண்ணுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. அவர் படத்தைத் திருத்த அவளுக்கு உரிமையும் இல்லை.

துறைமுகங்களை வரையும் பொறுப்பு மட்டும் அவளுடையது. காரைக்கால் துறைமுகத்தின் படம் பாதி வரைந்து அவளிடமே இருந்தது. அது குழுவுக்குப் போகும்வரை நிஜ ஆற்றின் ஆழம்தான் கணக்கு; போனபின் படத்தில் உள்ள ஆழம். அந்தப் படத்தில் அரசலாற்றை அவள் மாற்றவே இல்லை. நாடு மாறியிருக்கட்டும், வரலாறு மாறியிருக்கட்டும், இந்த ஆறு மட்டும் கண்ணால் பார்ப்பதுபோலவே கடலில் கலக்கட்டும் என்று மணல்திட்டு, நாணல், ஆழமில்லாத தண்ணீரில் நிற்கும் கொக்குவரை ஆசை ஆசையாக வரைந்திருந்தாள்.

வீட்டில் சத்தமில்லை. மதியழகன் நிலாவை டியூஷனுக்குக் கூட்டிப் போயிருந்தான்.

மதிவதனி ஒரு நிமிடம் கண்ணை மூடி, சாமியை நினைத்துக்கொண்டாள். பிறகு மணல்திட்டை அழித்தாள். கொக்கை அழித்தாள். ஆற்றின் இரு கரையிலிருந்தும் கடலுக்குள் நீளும்படி இரண்டு கற்சுவர் வரைந்தாள். இந்த மண்ணில் கல் கிடையாது. கல் எங்கிருந்து எந்தப் படகில் வந்தது என்று எழுத வேண்டியிருந்தது, எழுதினாள். மண் வாரும் இயந்திரப் படகு இரண்டை நிறுத்தினாள். வாரிய மண்ணை எந்தப் பள்ளத்தில் கொட்டினார்கள், எத்தனை வருடம் ஆயிற்று, யார் வரியில் ஆயிற்று என்று எல்லாவற்றுக்கும் பதில் தேடினாள். நாளைக்குக் கேள்வியெல்லாம் இனி இந்தத் துறைமுகத்தின் மேல்தான் பாயும். பாயட்டும். தோண்டி முடித்த வருடமாக, எண்ணெய்க் கப்பல் மிதந்த வருடத்துக்கு முந்தின வருடத்தைப் போட்டாள். ஆழம் இருபத்தாறடி என்று குறித்தாள்.

படத்தைக் குழுவுக்கு அனுப்பினாள். எண்ணெய்க் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. கணினியை அணைத்துவிட்டு, கை கால் கழுவி, விளக்கேற்றப் போனாள்.